பூர் சான் பியேர்: கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயை நடந்தே கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கு மூலையில், வலே மாநிலத்தில், இத்தாலி எல்லைக்கு முன்னால் இருக்கும் கடைசி ஊர் பூர் சான் பியேர். கடல் மட்டத்திலிருந்து 1,632 மீட்டர் உயரம், சுமார் 200 பேர் வசிக்கும் ஊர். அதற்கு மேலே 2,469 மீட்டரில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் இருக்கிறது. ரோமானியப் படைகள், யாத்ரீகர்கள், வணிகர்கள், நெப்போலியன் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியவர்களில் பலர் இந்த வழியாகத்தான் போனார்கள்.

1964-இல் மலைக்கு அடியில் 5.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை திறந்ததும் போக்குவரத்து மலைக்குள்ளே போய்விட்டது. நெடுஞ்சாலையும் ஊரைத் தொடாமல் விலகிப் போகிறது. அதனால் காரில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பூர் சான் பியேரைப் பார்ப்பதே இல்லை. கோடையில் கணவாய் வரை காரில் ஏறி, அங்குள்ள ஏரியைப் படம் எடுத்து, கணவாய் மடாலயத்தின் புகழ்பெற்ற செயின்ட் பெர்னார்ட் நாய்களைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதி கூடப் பார்த்ததாகாது. இந்த ஊர் உருவானதே கணவாய்க்குப் போகிறவர்களுக்குப் படுக்கை, தீனி, கழுதை, வழிகாட்டி தருவதற்காகத்தான். ஊரில் ஓர் இரவு, கணவாயில் ஓர் இரவு, மறுநாள் இத்தாலிப் பக்கத்து ஊருக்கு இறக்கம் என்று நடந்தே போனால்தான் ஊரும் கணவாயும் ஒன்றையொன்று விளக்கும். அப்படிப் போவதற்கான வழிகாட்டி இது.

எப்போது போவது

இதை முதலில் முடிவு செய்யுங்கள். கணவாய்ச் சாலை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து அக்டோபர் நடுவில் மூடும். பனியைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும். சாலை திறந்துவிட்டாலும் நடைபாதையில் பனித்திட்டுகள் ஜூன் கடைசி வரை கிடக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரங்கள் வரை சரியான காலம். பூக்கள் வேண்டுமென்றால் ஜூலை, கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் செப்டம்பர்.

ஆகஸ்டிலும் மேலே பனி விழலாம். கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் மார்த்தினி நகரில் 30 டிகிரி வெயில் அடிக்கும் நாளில், கணவாயில் மூடுபனியும் குளிர்காற்றும் இருக்கலாம். அதனால் தேதியைக் குறிக்கும்போதே ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் இந்த ஏற்றத்தில் கண்ணுக்கு எதுவும் கிடைக்காது, பாறையும் வழுக்கும்.

குளிர்காலத்தில் கார் போகாது. பனிச்சறுக்குக் கட்டை அல்லது பனிக்காலணி கட்டிக்கொண்டு, சுரங்க முகப்பிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். அந்த வழியில் வரும் பள்ளத்தாக்குக்கு 'இறந்தவர்களின் பள்ளம்' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள், பனிச்சரிவுகள் இறங்கும் இடம் அது. மலை வழிகாட்டியும் பனிச்சரிவுக் கருவிகளும் இல்லாமல் குளிர்காலத்தில் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

விசாவும் அனுமதிகளும்

இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் அதே வட்டத்தில்தான் இருக்கின்றன, நடுவே எல்லையைத் தாண்டுவதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மொத்தப் பயணத்தில் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள். எல்லையில் அன்றாடச் சோதனை கிடையாது, ஆனால் காவலர்கள் கேட்கலாம். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், விடுதியில் வைத்துவிட்டு ஏற வேண்டாம்.

சுவிஸில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். பி, சி வசிப்பிட அனுமதி உள்ளவர்கள் செல்லுபடியாகும் கடவுச்சீட்டோடு இத்தாலிக்குள் போய்வரலாம். 'எஃப்' (தற்காலிக அனுமதி) அல்லது 'என்' (புகலிடம் கோரியவர்களுக்கான அனுமதி) உள்ளவர்கள் முன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போகக் கூடாது. இங்கே எல்லை என்பது ஏரிக்கரையில் நடக்கும்போதே வந்துவிடும் ஒரு கோடு, குழந்தைகளோடு உலாத்திக்கொண்டே அந்தப் பக்கம் போய்விடலாம். அப்படிப்பட்டவர்கள் குடும்பத்தில் இருந்தால் மாநில அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள், அல்லது சுவிஸ் பக்கத்தோடு நின்று திரும்புங்கள். மடாலயம், அருங்காட்சியகம், நாய்கள் எல்லாம் சுவிஸ் பக்கத்தில்தான் இருக்கின்றன.

போய்ச் சேர்வது

ஜெனீவா விமான நிலையத்திலிருந்து மார்த்தினிக்கு ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஆகும். மார்த்தினியில் செயின்ட் பெர்னார்ட் எக்ஸ்பிரஸ் என்ற சிறிய ரயிலுக்கு மாறி ஓர்சியேர் வரை போக வேண்டும், அது அரை மணி நேரத்துக்கும் குறைவு. வழியில் சாம்ப்ராஞ்சேயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஓர்சியேருக்கு, இன்னொன்று லெ ஷாப்லுக்கு. ஏறும்போதே பெட்டியின் பலகையைப் பாருங்கள், சில வண்டிகளுக்கு இங்கே மாறி ஏற வேண்டும்.

ஓர்சியேர் நிலைய வாசலிலேயே பஸ் நிற்கும். பூர் சான் பியேருக்கு அரை மணிக்குள் போய்விடலாம். கோடையில் சில பஸ்கள் கணவாய் வரைக்கும் போகின்றன. ஒரு நாளைக்குச் சிலவே இருப்பதால் சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால், அவர்கள் பஸ்ஸில் மேலே போக, மற்றவர்கள் நடந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

பலகைகளில் கணவாயின் பெயர் பிரெஞ்சில் 'கோல் து கிரான் சான் பெர்னார்' என்றும், இத்தாலியனில் 'கோலே தெல் கிரான் சான் பெர்னார்தோ' என்றும் இருக்கும். காரில் வருகிறவர்கள் கவனிக்க: சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் 'துனெல்' என்ற பலகையைப் பின்பற்றினால் சுரங்கத்துக்குள் போய்விடுவீர்கள், அங்கே கட்டணமும் உண்டு. மேலே ஏறும் பழைய சாலைக்குக் கட்டணம் இல்லை. சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கான 40 ஃபிராங்க் ஆண்டுக் கட்டண ஒட்டுவில்லை (வின்யெட்) வாடகைக் காரில் ஒட்டியிருக்கிறதா, இத்தாலிக்குள் ஓட்ட அனுமதி உண்டா என்று வண்டி எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்.

மளிகையும் ரொக்கமும் மார்த்தினியிலோ ஓர்சியேரிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போகக் கடைகள் குறைந்துவிடும்.

ஊரில் ஒரு மாலை

மதியத்துக்குள் பூர் சான் பியேர் வந்து சேர்வது நல்லது. விடுதிகள் சிலவே, ஜூலை, ஆகஸ்டில் முன்பதிவு அவசியம். பையை வைத்துவிட்டு நேரே தேவாலயத்துக்குப் போங்கள். அதன் கோபுரம் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பக்கத்தில் ஒரு ரோமானிய மைல்கல் இருக்கிறது. மாமன்னர் கான்ஸ்டன்டைன் காலத்து உருளைக் கல், மார்த்தினியிலிருந்து 24-ஆம் மைல் என்று குறிப்பது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, சாய்வெயில் விழும் நேரத்தில் பார்த்தால் கீறல்கள் தெரியும். அவசரப்படாமல் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கி.மு. 57-இல் ஜூலியஸ் சீசர் இந்தக் கணவாயைத் திறப்பதற்காக கால்பா என்ற தளபதியை அனுப்பினார், மார்த்தினியில் உள்ளூர் இனத்தாரோடு நடந்த சண்டைக்குப் பிறகு படை பின்வாங்கியது. அப்புறம் சுமார் நூறு ஆண்டு கழித்து கிளாடியஸ் காலத்தில்தான் ஒழுங்கான சாலை வந்தது. அந்தச் சாலையின் மைல்கல் வரிசையில் நின்ற கல்தான் இது.

அடுத்து ஊரின் பழைய தெருவில் நடங்கள். கீழே கல், மேலே வெயிலில் கறுத்துப்போன லார்ச் மரம் என்று கட்டிய வீடுகள். ஒரு வண்டி போகும் அளவுக்கே தெரு. இந்தத் தெரு வழியாகத்தான் 1800 மே மாதம், ஒரு வார காலத்துக்குள், நெப்போலியனின் படை சுமார் 40,000 பேர் போனார்கள். அப்போது ஊருக்கு மேலே வண்டிப்பாதையே கிடையாது. பீரங்கிகளைச் சக்கரத்திலிருந்து கழற்றி, பைன் மரங்களை வெட்டிக் குடைந்து, அந்தத் தொட்டி போன்ற கட்டைக்குள் குழலைப் படுக்கவைத்து, கயிறு கட்டிப் பனியில் இழுத்தார்கள். ஒரு பீரங்கிக்கு நூறு பேர் வரை. மே 20-ஆம் தேதி நெப்போலியனும் கிளம்பினார். முன்கால்களைத் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை மேல் அவர் இருப்பதாக வரைந்த ஓவியத்தைப் பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அவர் போனது ஒரு கோவேறு கழுதை மேல், அதை நடத்திச் சென்றவர் பியேர் நிக்கோலா டோர்சா என்ற இந்த ஊர்க்காரர்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஊர்க்காரர்களின் கணக்கு. வெட்டிய மரங்கள், எடுத்துப்போன சமையல் பாத்திரங்கள், கூலி என்று ஊரார் கணக்கு எழுதி அனுப்பினார்கள். ஈடு செய்வதாக நெப்போலியன் கடிதமும் எழுதினார், முழுத் தொகை வரவே இல்லை. அந்தக் கடிதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1980-களில் பிரெஞ்சு அதிபர் மித்தெரான் ஒரு பதக்கத்தை அடையாளமாகத் தந்தார். வெற்றி பெற்றவரின் பெயர்தான் வரலாற்றில் நிற்கும். பீரங்கியை இழுக்க மரம் கொடுத்த ஊரின் பக்கத்திலிருந்து அதே கதையைக் கேட்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

வெளிச்சம் இருந்தால் லா லின்னேயா என்ற மலைச்செடித் தோட்டத்துக்கும் ஏறிப் பாருங்கள். 1889-இல் தொடங்கியது, ஆல்ப்ஸ் மலையின் பழைய தாவரத் தோட்டங்களில் ஒன்று. நாளைக்கு வழியில் பார்க்கப்போகும் பூக்களின் பெயர்களை இங்கே படித்துக்கொள்ளலாம். ஊருக்குப் பக்கத்தில் வல்சோரே ஓடை ஆழமான பிளவில் இறங்குகிறது, அதன் மேல் கல் பாலம். அங்கிருந்து மேலே தெரியும் வெண்சிகரங்கள் வேலான், கிராண்ட் கொம்பேன் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இரவு சாப்பாட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சான் வியான்த், சான் புவாசோன்' என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். உருக்கிய பாலாடைக்கட்டியை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துத் தரும் ராக்லெட்தான் வலே மாநிலத்தின் உணவு. உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோண்டுவில் வெள்ளை ஒயின் சேரும், வேண்டாதவர்கள் கவனியுங்கள். பாலாடைக்கட்டியைத் திரட்டக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள் என்பதும் சுத்த சைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பு நிறத்தில் இருக்கும் கெட்டியான ரை ரொட்டியை நாளைய வழிக்கு ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கெடாது.

பையில் என்ன

கணுக்காலைப் பிடிக்கும் நல்ல காலணி, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை, ஒரு கம்பளி, தொப்பி, மெல்லிய கையுறை. கோடையிலும் இவை வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெயில் களிம்பு, கறுப்புக் கண்ணாடி. இறக்கத்தில் முட்டிக்கு உதவும் நடைக்கோல். மடாலயத்தில் படுக்க ஒரு மெல்லிய துணிப்பை, துண்டு. அங்கே என்ன தருவார்கள் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் சுமை குறையும்.

ஃபோன் பற்றி ஒன்று. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. எல்லைக்குப் பக்கத்தில் ஃபோன் தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும், ரோமிங் கட்டணம் விழும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு மேலே டேட்டாவை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வலே மாநிலத்தில் 144, இத்தாலிப் பக்கம் 112.

ஏற்றம்: ஊரிலிருந்து கணவாய் வரை

சுமார் 12 கிலோமீட்டர், ஏறக்குறைய 850 மீட்டர் ஏற்றம். நிதானமாக நடந்தால் ஓய்வோடு சேர்த்து ஐந்து மணி நேரம். காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள், கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். வழிதவற வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை போகும் வியா ஃபிரான்சிஜேனா யாத்திரைப் பாதை இதுதான், சுவிஸில் அதன் எண் 70. மஞ்சள் பலகையில் அடுத்த இடத்துக்கான நடைநேரம் எழுதியிருக்கும், பாறைகளில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

990-ஆம் ஆண்டில் கேன்டர்பரி பேராயர் சிஜெரிக் ரோமிலிருந்து இந்த வழியாக ஊர் திரும்பினார், தங்கிய இடங்களின் பட்டியலும் எழுதி வைத்தார். அதில் இத்தாலிப் பக்கத்து ஆஸ்தா நகரம், சான் ரெமி என்ற ஊர், பிறகு பூர் சான் பியேர் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நாம் போகும் அதே மூன்று இடங்கள், எதிர்த்திசையில்.

ஊரைத் தாண்டியதும் தூல் அணை. அணையின் நீர்ப்பரப்பில் மிதக்கும் சூரியத் தகடுகளைப் பார்க்கலாம், 2019-இல் அமைத்தவை. உறைந்தும் உருகியும் மாறும் ஏரியில் அவை தாக்குப்பிடிக்கின்றனவா என்று சோதிக்கும் முயற்சி அது. இந்தப் பகுதியில் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கறுப்பாக, குட்டையாக, கட்டுமஸ்தாகத் தெரியும் மாடுகள் எரேன் இனம். மந்தைக்குள் தலைமைக்காகப் பசுக்களே தங்களுக்குள் முட்டிக்கொள்ளும் இனம் இது, வலே மக்கள் அதைப் பெரிய போட்டியாகவே நடத்துகிறார்கள். கன்றோடு இருக்கும் பசுவிடமிருந்து தள்ளியே நடங்கள். வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.

அடுத்து பூர் சான் பெர்னார் என்ற இடத்தில் சுரங்கத்தின் வாய் வருகிறது. அங்கே 2010-இல் மூடப்பட்ட பனிச்சறுக்கு மையத்தின் கட்டிடமும் நிற்கிறது. அழகான இடம் இல்லை, நிற்காமல் கடந்துவிடலாம். இதற்கு மேல்தான் நடையின் நல்ல பகுதி. வண்டிச் சத்தம் முழுக்க மலைக்குள் போய்விடும், பழைய சாலையில் எப்போதாவது ஒரு மோட்டார் சைக்கிள். பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போய், கடைசி ஒரு மணி நேரம் புல்லும் குறைந்து பாறையும் ஓடையும் மட்டும் இருக்கும். பாதை முன்பு சொன்ன 'இறந்தவர்களின் பள்ளம்' வழியாக ஏறுகிறது. கோடையில் அது சாதாரணப் புல்சரிவு போலத்தான் தெரியும். இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் மலைச்சரிவைப் பார்த்தால், குளிர்காலத்தில் இங்கே பனி எங்கிருந்து இறங்கும் என்பது தானே விளங்கும்.

கணவாயில் ஓர் இரவு

திருப்பத்தில் மடாலயம் திடீரென்று எதிரே நிற்கும். சிறிய ஜன்னல்களோடு கூடிய கனத்த சாம்பல் கட்டிடம். 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்தாவின் அருட்தந்தை பெர்னார்ட் இந்தச் சத்திரத்தை நிறுவினார். அதற்கு முந்தைய நூற்றாண்டில் இந்த வழி அவ்வளவு ஆபத்தாக இருந்தது. 972-இல் குளூனி மடத்தின் தலைவர் மயோலஸையே ஓர்சியேர் அருகே வழிமறித்துப் பிடித்து, பணயத்தொகை வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். குளிரும் கொள்ளையும் சேர்ந்த பாதையில் யார் வந்தாலும் தங்க இடமும் சூடான உணவும் தருவது என்று தொடங்கிய சேவை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறது. இன்றும் அகுஸ்தீன் சபைத் துறவிகள் இங்கே ஆண்டு முழுக்க இருக்கிறார்கள்.

தங்குவதற்கு இரண்டு வழி. மடாலயத்தின் சத்திரம், அல்லது எதிரே இருக்கும் விடுதி. சத்திரம் முக்கியமாக நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கானது, காரில் வந்தவர்களுக்கு விடுதிதான் பொருத்தம். நடந்து வந்த நீங்கள் சத்திரத்தையே எடுங்கள். பொது அறைகளும் சிறிய தனி அறைகளும் உண்டு. நீள மேசையில் எல்லோரோடும் உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டும். எந்த மதத்தவராக இருந்தாலும் வரவேற்பு ஒன்றே, பூசைக்கு வரச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. கோடையில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

அருங்காட்சியகத்துக்கு மதியமே போய்விடுங்கள். பலர் நாய்ப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது சிறிய வெண்கலத் தகடுகள் இருக்கும் பெட்டிக்கு முன்னால். கணவாயின் உச்சியில், இன்று இத்தாலிப் பக்கம் இருக்கும் சமதளத்தில், ரோமானியர் காலத்தில் ஜூபிடர் போயெனினஸ் என்ற தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. பத்திரமாகத் தாண்டியவர்கள் பெயரையும் நேர்த்தியையும் பொறித்து அங்கே மாட்டிய தகடுகள் இவை, சுமார் ஐம்பது கிடைத்திருக்கின்றன. கையகலம்தான் இருக்கும். ஆணி அடித்த துளைகள் இன்னும் தெரிகின்றன. படைவீரர் ஒருவர், வணிகர் ஒருவர் என்று சாதாரண மனிதர்கள், போனதற்கும் திரும்பியதற்கும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். வேண்டுதல் தீர்ந்ததும் காணிக்கை கட்டும் வழக்கம் தெரிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். இவற்றை முதலில் தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர் மூரித் என்ற மடாலயத் துறவி. 1779-இல் 3,700 மீட்டருக்கு மேல் உயர்ந்த வேலான் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவரும் அவர்தான்.

மடாலயக் கோயிலில் நெப்போலியனின் தளபதி டெஸேயின் கல்லறை இருக்கிறது. நெப்போலியன் படை கணவாய் தாண்டிய அதே 1800-ஆம் ஆண்டு ஜூன் 14-இல் மரெங்கோ போரில் இறந்தவர்.

இனி நாய்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மடாலயக் குறிப்புகளில் அவை வருகின்றன. காவலுக்கு வைத்த நாய்கள், பனியில் பாதையை மோப்பம் பிடிக்கப் பழகின. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பேரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அதன் பாடம் செய்த உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய் ஓவியர்கள் சேர்த்தது, மடாலயத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்குச் சான்று இல்லை. 2005 முதல் ஓர் அறக்கட்டளை நாய்களை வளர்க்கிறது. கோடையில் மட்டும் கணவாய்க்குக் கொண்டுவருகிறார்கள், மற்ற நாட்களில் மார்த்தினியில் இருக்கும். நாய்களோடு சிறு நடை போகும் ஏற்பாடும் உண்டு, முன்பதிவு வேண்டும்.

பகல் வண்டிகள் இறங்கிய பிறகு ஏரியைச் சுற்றி நடங்கள். கணவாயில் தங்குவதன் முழுப் பயனும் இந்த நேரத்தில்தான். கரையில் எல்லைக் கல் வரும், அதைத் தாண்டினால் இத்தாலியின் பழைய சுங்கக் கட்டிடமும் செயின்ட் பெர்னார்ட் சிலையும். கோயில் இருந்த சமதளத்தின் பக்கத்தில், பாறையைச் செதுக்கிப் போட்ட ரோமானியச் சாலையின் ஒரு துண்டு இருக்கிறது. அதில் கால் வைத்து நின்று பாருங்கள், கீழே மைல்கல்லில் பார்த்த சாலை இதுதான்.

இறக்கம்: சான் ரெமி

காலையில் இத்தாலிப் பக்கம் இறங்குங்கள். சான் ரெமிக்கு சுமார் 6 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தூரம் குறைவாகத் தெரிந்தாலும் 850 மீட்டர் இறக்கமும் அதற்குள்ளேயே அடங்குகிறது, முட்டி வலி உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். பாதை பல இடங்களில் கார்ச்சாலையைக் குறுக்கே வெட்டுகிறது, வளைவில் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்களைக் கவனியுங்கள்.

சான் ரெமி பூர் சான் பியேரின் இரட்டை. 1,619 மீட்டர், பெரும்பாலும் ஒரே தெரு. இந்த ஊர் ஆண்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருந்தது. இந்தப் பகுதியை ஆண்ட சவோய் அரச குலத்தார் அவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு தந்தார்கள். பதிலுக்கு அவர்கள் குளிர்காலம் முழுக்கக் கணவாய்ப் பாதையின் பனியை வெட்டி, பயணிகளை வழிநடத்திக் கொண்டுபோய்விட வேண்டும். 'பனிப்படையினர்' என்றே பெயர். மடாலயத்துக்கும் நாய்களுக்கும் கிடைத்த புகழ் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாதையைத் திறந்து வைத்தது இவர்கள் கைகள்தான் என்பதால், தெருவில் இரண்டு தடவை நடந்து பார்க்கச் சொல்வேன்.

நெப்போலியன் படை இந்தப் பக்கத்தில் விட்டுப்போனது வேறு விதமான ஞாபகம். குளிர்காலக் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் நடத்தும் திருவிழாவில் முகமூடிக்காரர்கள் போடும் சிவப்பும் நீலமுமான உடை, அந்தப் படைவீரர்களின் சீருடையை ஒட்டித் தைத்ததாகச் சொல்கிறார்கள். கண்ணாடிச் சில்லுகளும் மணிகளும் வைத்துத் தைத்த சட்டை, கையில் குதிரைவால். ஜனவரி, பிப்ரவரியில் ஆஸ்தா பக்கம் இருந்தால் விசாரித்துப் போய்ப் பாருங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே போஸ் ஹாமை ருசி பார்க்கலாம். உப்பும் மலை மூலிகைகளும் தடவி, மலைக்காற்றில் மாதக்கணக்கில் பதப்படுத்திய பன்றித்தொடை, பெயருக்கு ஐரோப்பியக் காப்பு பெற்றது. மற்றவர்களுக்கு ஃபொந்தீனா பாலாடைக்கட்டி சேர்த்த பொலென்டா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. இங்கிருந்து செலவு யூரோவில்.

ஆஸ்தாவும் திரும்புதலும்

இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால் எத்ரூப் வரை இறங்கலாம், தெருக்களிலேயே சிற்பங்களும் ஓவியங்களும் வைத்திருக்கும் அழகான கல் ஊர். இல்லையென்றால் பஸ்ஸில் ஆஸ்தாவுக்குப் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, முந்தின நாளே நேரம் பார்த்து வைக்க வேண்டும். ஆஸ்தா கி.மு. 25-இல் அகஸ்டஸ் நிறுவிய நகரம். அவர் பெயரில் உள்ள வளைவு, பிரிட்டோரியா வாசல், ரோமானிய நாடக அரங்கு மூன்றையும் அரை நாளில் நடந்தே பார்க்கலாம்.

அங்கிருந்து துரின், மிலான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்தாவுக்கும் இவ்ரேயாவுக்கும் இடையிலான ரயில் பாதை மின்மயமாக்கும் வேலைக்காக 2024 தொடக்கத்தில் மூடப்பட்டு, பதிலுக்கு பஸ் விடப்பட்டது. நீங்கள் போகும் நாளின் நிலவரத்தைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள். சுவிஸுக்கே திரும்புகிறவர்கள் சுரங்கம் வழியாக மார்த்தினிக்கு நேரடி பஸ் இருக்கிறதா என்று ஆஸ்தா பஸ் நிலையத்தில் முதல் நாளே கேளுங்கள். இல்லாத நாளில், கோடையில் கணவாய் வரை ஏறும் வண்டியைப் பிடித்து, மேலிருந்து ஓர்சியேர் பஸ்ஸுக்கு மாறுவதுதான் வழி. அந்த இணைப்பு தவறினால் மறுபடி மேலேயே இரவு தங்க வேண்டியிருக்கும், அதனால் ஆஸ்தாவிலிருந்து காலை முதல் வண்டியிலேயே கிளம்பிவிடுங்கள்.